பேட்ஜில் பூஜ்யம்: கதிர்வீச்சு வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இதய இரத்தக்குழாய்களை எக்ஸ்ரேயில் பார்த்துச் சிகிச்சை செய்யும் எங்கள் கேத் லேப் வாசலில் இருக்கும் அறிவிப்புப் பலகையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு தாள் ஒட்டப்படும். இடப்பக்கம் பெயர்கள், வலப்பக்கம் ஒவ்வொருவரும் வாங்கிய கதிர்வீச்சு அளவு. அந்த முறை 14 பெயர்கள் இருந்தன, 14 பேருக்கும் பூஜ்யம். தினமும் ஏழெட்டு ஆஞ்சியோகிராம் நடக்கும் இடம் அது. "பார்த்தீர்களா, நம் இடம் எவ்வளவு சுத்தம்!" என்று மூத்தவர் ஒருவர் பெருமைப்பட்டார். கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர் என்ற பொறுப்பு அப்போதுதான் என் தலையில் விழுந்திருந்தது. ஏதோ உறுத்தியது. மாலையில் உடை மாற்றும் அறையின் இழுப்பறையைத் திறந்தேன். உடம்பில் படும் கதிரை அளக்க நாங்கள் அணிய வேண்டிய டி.எல்.டி. பேட்ஜ்கள் ஒன்பது, ரப்பர் பேண்ட் போட்டு ஒரே கட்டாகக் கிடந்தன. அவற்றில் ஒன்று என்னுடையது.

எக்ஸ்ரே, சி-ஆர்ம் (அறுவை அறையில் நகர்த்திப் பயன்படுத்தும் எக்ஸ்ரே கருவி), கேத் லேப் என்று 22 ஆண்டுகளாக இதே வேலையில் இருக்கிறேன். மின்சாரம் தொட்டால் அடிக்கும், அடுப்பு தொட்டால் சுடும். கதிர்வீச்சுக்கு நிறமில்லை, மணமில்லை, சூடுமில்லை. இன்று செய்த தவறுக்குப் பதில் பத்து, இருபது ஆண்டுகள் கழித்து வருகிறது. வரும்போது இந்த நோய் எதனால் வந்தது என்று அதன் நெற்றியில் எழுதியும் இருக்காது. ஆகவே நம் கையில் இருப்பது கணக்கு ஒன்றுதான். நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை அந்தக் கணக்கை எழுதாமல் விட்டவை, அல்லது தப்பாகப் படித்தவை.

ஒன்றும் ஆகவில்லையே என்ற நினைப்பு

ராண்ட்கன் 1895 நவம்பரில் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்த சில மாதங்களிலேயே எடிசனின் ஆய்வகத்திலும் அதைக் கொண்டு வேலை தொடங்கிவிட்டது. அங்கே கிளாரன்ஸ் டேலி என்று ஒரு கண்ணாடி ஊதும் தொழிலாளி இருந்தார். எக்ஸ்ரே குழாய் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கத் தன் கையையே கதிருக்கு முன்னால் நீட்டுவார். முதலில் தோல் சிவந்தது. பிறகு ஆறாத புண். பிறகு புற்று. கைகளை அகற்றியும் பலனில்லாமல் 1904 இல், 39 வயதில் இறந்துபோனார். அவருக்கு நேர்ந்ததைப் பார்த்து எடிசன் எக்ஸ்ரே ஆராய்ச்சியையே கைவிட்டார். இப்படி இறந்தவர்களுக்காக ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், ஒரு மருத்துவமனை வளாகத்தில், 1936 இல் நினைவுத்தூண் எழுப்பினார்கள். திறந்தபோது அதில் 169 பெயர்கள் இருந்தன. பின்னர் இன்னும் பல சேர்ந்தன.

அதெல்லாம் அந்தக் காலம் என்று நீங்கள் சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். டேலி வாங்கிய அளவை இன்று எந்த டெக்னீஷியனும் வாங்குவதில்லை. ஆனால் தோல் வெந்துபோவது ஒரு வகைக் கேடு. அதற்கு ஓர் எல்லை உண்டு, தாண்டினால்தான் வரும். புற்றுநோய் அப்படியில்லை. அதற்கு எல்லைக்கோடு இல்லை என்றே வைத்துக்கொண்டுதான் உலகம் முழுவதும் விதிகள் எழுதப்பட்டிருக்கின்றன. வாங்கும் அளவு கூடினால் நோயின் கடுமை கூடாது, நோய் வரும் வாய்ப்புதான் கூடும். லாட்டரிச் சீட்டு மாதிரி. தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. இந்தச் சீட்டை மட்டும் நாங்கள் தினமும் வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

அந்தச் சீட்டின் மதிப்பு என்ன? அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் நாடுகளின் அணுசக்தித் துறைகளில் வேலை பார்த்த 3,09,932 பேரைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்றின் முடிவு 2023 இல் வெளியானது. உடம்பு வாங்கும் கதிரை அளக்கும் அலகு கிரே; ஒரு கிரே அளவுக்கு, திடப் புற்றுநோயால் (இரத்தப் புற்று அல்லாமல் கட்டியாக வருவது) இறக்கும் விகிதம் சுமார் 52 சதவீதம் கூடுகிறது என்று அது கண்டது. ஒரு கிரே என்பது மிகப் பெரிய அளவு. நம் வேலைக்கு ஏற்றபடி சொன்னால், வாழ்நாள் முழுவதும் சேர்த்து 100 மில்லிகிரே வாங்கிய ஒரு கூட்டத்தில், 100 பேர் புற்றுநோயால் இறக்க வேண்டிய இடத்தில் சுமார் 105 பேர் இறப்பார்கள். பயந்து வேலையை விட்டு ஓடும் அளவுக்குப் பெரியதில்லை. ஒன்றுமில்லை என்று தள்ளிவிடும் அளவுக்குச் சிறியதுமில்லை. அந்த ஐந்து பேர் யார் என்று எந்த மருத்துவராலும் சுட்டிக்காட்ட முடியாது. இரத்தப் புற்றுநோய் என்றால் இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே தலைகாட்டலாம். மற்ற புற்றுநோய்களுக்குப் பெரும்பாலும் பத்தாண்டுக்கு மேல் ஆகும். "நான் பதினைந்து வருடமாக ஈய ஏப்ரன் போடாமல் வேலை செய்கிறேன், கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன்" என்று சொல்பவரின் பேச்சு எதையும் நிரூபிப்பதில்லை என்பது இதனால்தான்.

இந்த இடத்தில் யாராவது கேரளத்தின் கருநாகப்பள்ளியை இழுப்பார்கள். மோனசைட் என்ற கதிரியக்கத் தாது கலந்த மணல் நிறைந்த அந்தக் கடற்கரையில் இயற்கைக் கதிர்வீச்சு மிக அதிகம். ஏறத்தாழ 70,000 பேரை 1990 முதல் 2005 வரை கவனித்ததில் புற்றுநோய் கூடுதலாகத் தெரியவில்லை. உண்மைதான். நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலும் அதே மணல்தான். ஆனால் வாழ்நாள் முழுவதும் மெதுவாகச் சொட்டும் கதிரும், ஒரு மணி நேர ஆஞ்சியோபிளாஸ்டியில் முகத்துக்கு நேரே வரும் கதிரும் ஒன்றல்ல. ஓர் ஊரில் தெரியவில்லை என்பதை வைத்துக்கொண்டு, மூன்று லட்சம் பேரிடம் தெரிந்ததை இல்லையென்று சொல்லவும் முடியாது.

பேட்ஜைப் பற்றிய தப்புக் கணக்குகள்

இழுப்பறைக்குத் திரும்புவோம். ஏன் கழற்றி வைத்தீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டேன். ஒரு நர்ஸ் சொன்னார்: "தொலைந்தால் காசு பிடிப்பார்கள் அண்ணா, அதனால் பத்திரமாக வைத்தேன்." இன்னொருவர், ஒப்பந்தப் பணியாளர், தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அளவு கூடினால் வேறு டிபார்ட்மெண்டுக்கு மாற்றிவிடுவார்கள் சார். கேத் லேப் அலவன்ஸ் போய்விடும்." என்னிடம் கேட்டிருந்தால், சட்டை மாற்றும்போது மறந்துவிட்டேன் என்று சொல்லியிருப்பேன். மூன்று காரணங்களில் சோம்பேறித்தனமானது என்னுடையதுதான்.

பேட்ஜ் கவசம் இல்லை. அது ஒரு கதிரையும் தடுக்காது. உள்ளே இருக்கும் சிறு வில்லைகள் வாங்கிய கதிரை நினைவில் வைத்துக்கொள்ளும், ஆய்வகத்தில் சூடாக்கும்போது அதற்கேற்ப ஒளிவிடும், அந்த ஒளியை அளந்து எண்ணாக மாற்றுவார்கள். அவ்வளவுதான். அதனால் அதைக் கழற்றி வைப்பவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவில்லை, சாட்சியை வெளியே அனுப்பிவிடுகிறார்.

எதிர்த் திசையிலும் தவறு நடக்கிறது. பேட்ஜ் மாட்டிய ஏப்ரனை எக்ஸ்ரே அறைக்குள்ளேயே ஸ்டாண்டில் தொங்கவிட்டுப் போய்விடுவார்கள். ஆள் வீட்டில் தூங்குவார், பேட்ஜ் மட்டும் இரவு முழுவதும் டியூட்டி பார்க்கும். பிறகு பெரிய எண் வந்து விசாரணைக் கடிதம் வந்தால் எல்லோரும் பதறுவார்கள். ஒப்பீட்டுக்காகத் தரப்படும் கண்ட்ரோல் பேட்ஜும் இப்படித்தான். கதிர் இல்லாத இடத்தில் இருக்க வேண்டிய அது, எக்ஸ்ரே அறைச் சுவரை ஒட்டிய அலமாரியில் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். எல்லோருடைய அளவிலிருந்தும் கழிக்கப்படும் எண் அது. அது கெட்டால் மொத்தக் கணக்கும் கெட்டது.

பூஜ்யம் வந்தாலே பொய் என்று சொல்லவில்லை. பேட்ஜை நெஞ்சுப் பகுதியில், லெட் ஏப்ரனுக்கு உள்ளே அணிய வேண்டும் என்பது நம் நாட்டு வழக்கம். 0.5 மி.மீ. ஈயத்துக்குச் சமமான ஏப்ரன், சிதறிவரும் கதிரில் ஏறத்தாழ 95 சதவீதத்தைத் தடுத்துவிடும். ஒழுங்காக வேலை செய்பவருக்கு அளவு மிகக் குறைவாக வருவது இயல்பு. ஆனால் அந்த எண் சொல்வது ஏப்ரனுக்குள் இருக்கும் உடம்பைப் பற்றி மட்டும். ஏப்ரனுக்கு வெளியே கழுத்து இருக்கிறது, கை இருக்கிறது, கண் இருக்கிறது.

கண்ணை மறப்பது

என் தொழிலில் மிக அதிகமாக நடக்கும் தவறு எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். ஏப்ரன் எல்லோரும் போடுகிறார்கள். தைராய்டு காலர் பாதிப்பேர். ஈயக் கண்ணாடி? ஒரு கேத் லேபில் இரண்டு வாங்கி வைத்திருப்பார்கள், இரண்டும் டாக்டர்களுக்கு. கூரையிலிருந்து தொங்கும் ஈயக் கண்ணாடித் தடுப்பைப் பல இடங்களில் மூலைக்குத் தள்ளி, அதில் துண்டு காயப்போட்டிருப்பார்கள்.

கண் வில்லை கதிர்வீச்சுக்கு நாம் நினைத்ததைவிட எளிதில் மசியும் என்பது தாமதமாகத்தான் தெரிந்தது. சர்வதேச கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம் 2011 இல்தான் கண்ணுக்கான வரம்பை ஆண்டுக்கு 150 மில்லிசீவர்ட்டிலிருந்து (எக்ஸ் கதிரைப் பொறுத்தவரை ஒரு மில்லிசீவர்ட்டும் ஒரு மில்லிகிரேயும் ஏறத்தாழ ஒன்றே) சராசரி 20 ஆகக் குறைக்கச் சொன்னது. ஏழில் ஒரு பங்குக்கும் கீழே! மலேசியாவில் இதய இண்டர்வென்ஷன் (ஆஞ்சியோபிளாஸ்டி போன்ற சிகிச்சை) செய்யும் 56 மருத்துவர்களைப் பரிசோதித்து 2010 இல் வெளியிட்டபோது, பாதிக்கு மேற்பட்டோரின் வில்லையின் பின்புறத்தில் கதிர்வீச்சோடு தொடர்புடைய வகை மங்கல் இருந்தது. கூட நின்ற நர்ஸ்கள் 11 பேரில் 5 பேருக்கும் இருந்தது. இந்த வேலையில் இல்லாதவர்களில் 10 சதவீதத்துக்கும் குறைவு. டாக்டர் பக்கத்தில் நிற்பவருக்கும் அதே நோய்தான், அவருக்குக் கண்ணாடி வாங்கித் தரத்தான் ஆளில்லை.

கதிர் எங்கிருந்து வருகிறது என்பதிலேயே குழப்பம் இருக்கிறது. மெஷினிலிருந்து நேராக நம் மேல் வருவதில்லை. அது நோயாளியின் உடம்பில் பட்டுச் சிதறி வருகிறது. அதிலும், கதிர் நுழையும் பக்கத்தில்தான் சிதறல் அதிகம். ஆகவே சி-ஆர்மில் கதிர் கிளம்பும் டியூப் மேசைக்குக் கீழே இருக்க வேண்டும். மேலே இருந்தால் சிதறல் நேராக முகத்துக்கு வரும். எலும்பு அறுவை அறைகளில் வசதிக்காகத் தலைகீழாகத் திருப்பி வைத்து வேலை செய்வதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். பக்கவாட்டில் திருப்பிப் படம் எடுக்கும்போது டியூப் இருக்கும் பக்கம் நிற்காமல், படம் வாங்கும் பக்கம் நிற்க வேண்டும். கற்றுக்கொள்ள ஒரு நிமிடம் போதும், காசு செலவில்லை. இருந்தும் எத்தனையோ பேர் பத்து வருட சர்வீஸுக்குப் பிறகும் இது தெரியாமல் நிற்கிறார்கள்.

தூரம் அதைவிட மலிவு. அரை மீட்டரில் நிற்பவர் ஒரு மீட்டருக்கு நகர்ந்தால் அளவு நான்கில் ஒன்றாகும். ஒன்றரை மீட்டர் என்றால் ஒன்பதில் ஒன்று. ஃப்ளூரோவில் (நேரலையாக ஓடும் எக்ஸ்ரே படம்) பார்ப்பதைவிட, அதைப் பதிவு செய்யும் சினி ஓடும்போது கதிர் ஏறத்தாழ பத்து மடங்கு கொட்டும். அந்தச் சில நொடிகள் இரண்டு அடி பின்னால் போய்வர நர்ஸுக்கு இடம் விட்டாலே போதும். வார்டில் போர்ட்டபிள் எக்ஸ்ரே எடுக்கும்போதோ இதன் நேர்மாறு. இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் போதும் என்றிருக்க, வார்டே காலியாகிவிடும். வெண்டிலேட்டர் நோயாளியை விட்டு எல்லோரும் வராந்தாவுக்கு ஓடுவதும் ஒரு தவறுதான்.

ஏப்ரனை மடித்து வைப்பதைப் பற்றி ஒரு வரி. மடித்தால் உள்ளே ஈயத் தாள் விரிசல் விடும், வெளியே துணி புதிதாகவே தெரியும். ஆண்டுக்கொரு முறை ஃப்ளூரோவில் வைத்துப் பார்த்தால் விரிசல் வெள்ளைக் கோடாகத் தெரியும். நான் முதன்முதலில் அப்படிப் பார்த்தபோது ஆறில் இரண்டு கிழிந்திருந்தன.

வரம்பை இலக்காக எடுத்துக்கொள்வது

இந்தியாவில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வைத்திருக்கும் வரம்பு, ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். எந்த ஓர் ஆண்டிலும் 30 ஐத் தாண்டக் கூடாது. பொதுமக்களுக்கு 1. பல நிர்வாகங்கள் இதைப் பரீட்சையின் பாஸ் மார்க் போலப் பார்க்கின்றன. 18 வந்தால் "வரம்புக்குள்தானே" என்று கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் பாதுகாப்பு, அந்தப் பக்கம் ஆபத்து என்று அது வரையப்படவில்லை. இதற்கு மேல் போவதை ஏற்கவே முடியாது என்பது மட்டும்தான் அதன் பொருள். கீழே இருப்பதையும் முடிந்தவரை குறைக்க வேண்டும் என்பது அதே விதியின் மறுபாதி. ஆண்டுக்கு 18 என்று 25 ஆண்டுகள் போனால் 450. முன்பு சொன்ன மூன்று நாட்டு ஆய்வில் 100 மில்லிகிரேவுக்குக் கீழேயே கூடுதல் தெரிந்தது என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நல்ல பழக்கமுள்ள எக்ஸ்ரே அறையில் ஆண்டுக்கு 1 கூட வராது. அப்படிப்பட்ட இடத்தில் ஒருவருக்கு மட்டும் திடீரென 6 வந்தால், வரம்புக்குள் இருக்கிறது என்று விடாமல், என்ன மாறியது என்று கேட்க வேண்டும். புதிய டாக்டர் கதிரை ஓடவிடும் பெடலிலிருந்து காலை எடுப்பதில்லையா? அழும் குழந்தைகளை எல்லாம் இவர் ஒருவரே பிடித்துக்கொள்கிறாரா? இரண்டாவதுதான் அடிக்கடி நடக்கும். "தம்பி நன்றாகப் பிடிப்பான்" என்று ஒரே ஆளைக் கூப்பிடுவார்கள். குழந்தையைப் பிடிக்க வேண்டியவர், ஏப்ரன் போட்ட தாயோ தகப்பனோதான்.

கர்ப்பத்தை மறைப்பதும், சொன்னதும் விரட்டுவதும்

கருவுற்றதைச் சொல்லாமல் மூன்று நான்கு மாதம் வேலை பார்க்கும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். மாற்றிவிடுவார்கள், ஒப்பந்தம் புதுப்பிக்க மாட்டார்கள் என்ற பயம். கருவின் மூளை வளர்ச்சி மிகவும் பாதிக்கப்படக்கூடிய காலம் 8 முதல் 15 வாரம் வரை. மறைக்கும் காலமும் அதுவேதான். சொன்ன நாளிலிருந்து கருவுக்கு 1 மில்லிசீவர்ட் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது நிர்வாகத்தின் கடமை. எக்ஸ்ரே கண்ட்ரோல் பகுதியில், தடுப்புக்குப் பின்னால் அவர் தொடர்ந்து வேலை செய்யலாம். வேலையை விட்டு நிறுத்தத் தேவையில்லை. மறைத்தவரைவிட மறைக்க வைத்தவர்களின் தவறு பெரியது.

மீட்டர் இல்லாமல் நம்புவது

மருத்துவமனைக்கு வெளியே இந்தத் தவறு உயிரையே கேட்கும். கொதிகலன், குழாய் வெல்டிங்கைச் சோதிக்க இரிடியம்-192 என்ற கதிரியக்கத் துண்டை (இதை மூலம் என்போம்) உள்ளே வைத்த கேமராவோடு இரவில் வேலை செய்யும் ரேடியோகிராபி ஆட்கள் திருச்சிப் பக்கம் நிறைய உண்டு. எக்ஸ்ரே மெஷினை அணைத்தால் கதிர் நின்றுவிடும். இரிடியத்துக்கு சுவிட்ச் கிடையாது. மூலம் கேமராவுக்குள் திரும்பிவிட்டது என்று அதை உள்ளே இழுக்கும் கிராங்கின் சுற்றுகளை எண்ணி நம்பக் கூடாது, கதிரை அளக்கும் சர்வே மீட்டரைப் பார்த்துத்தான் நம்ப வேண்டும். பெரு நாட்டின் யானங்கோ நீர்மின் நிலையத்தில் 1999 பிப்ரவரியில் கழன்று விழுந்த மூலத்தை ஒரு வெல்டர் ஏதோ உலோகத் துண்டு என்று எடுத்து, கால்சட்டையின் பின்பையில் போட்டுக்கொண்டார். வீட்டுக்குப் போகும்வரை அது அங்கேயே இருந்தது. அவருடைய காலை அகற்ற வேண்டியதாயிற்று.

கல்பாக்கத்தில் 2003 ஜனவரியில் நடந்ததும் கிட்டத்தட்ட இதே வகை நம்பிக்கையால்தான். அணு எரிபொருள் மறுசுழற்சி ஆலையின் கழிவுத் தொட்டியில், குறைந்த கதிரியக்கக் கழிவு என்று நினைத்து மாதிரி எடுக்கப் போனார்கள். வால்வு கசிந்து, அதிகக் கதிரியக்கக் கழிவு அதில் கலந்திருந்தது. எச்சரிக்க அங்கே மானிட்டர் இல்லை. 6 பேர் ஆண்டு வரம்பைப் போலப் பல மடங்கு கதிரை வாங்கினார்கள். அத்தனை அனுபவசாலிகள் இருந்த வளாகத்திலேயே, நேற்று குறைவாக இருந்த இடம் இன்றும் குறைவாகத்தான் இருக்கும் என்று நம்ப முடிந்திருக்கிறது.

பால், வாழைப்பழம், இரத்தப் பரிசோதனை

கதிர்வீச்சை முறிக்கப் பால் குடிக்க வேண்டும், தினம் ஒரு வாழைப்பழம் சாப்பிட வேண்டும் என்று புதிதாகச் சேர்பவர்களிடம் யாராவது சொல்லிவிடுகிறார்கள். சாப்பிடுங்கள், உடம்புக்கு நல்லது. பட்ட கதிரை அது எடுக்காது. எக்ஸ் கதிர் உடம்பில் தங்குவதே இல்லை, பிறகு எதை வெளியேற்றுவது? அயோடின் மாத்திரையும் அப்படித்தான். கதிரியக்க அயோடின் தைராய்டில் சேராமல் தடுக்க மட்டுமே அது பயன்படும், எக்ஸ்ரே டெக்னீஷியனுக்கு அதனால் ஒன்றுமில்லை.

இதைவிட நயமான ஏமாற்று ஆண்டுதோறும் எடுக்கும் இரத்த அணு எண்ணிக்கை. "ரிப்போர்ட் நார்மல், ஆகவே கதிர் படவில்லை" என்று நம்பாதீர்கள். இரத்த அணுக்கள் குறையும் அளவுக்குக் கதிர் படுவதென்றால் அது விபத்து. ஆண்டுக்குச் சில மில்லிசீவர்ட் என்று சேர்வதை அந்தப் பரிசோதனை காட்டவே காட்டாது.

பழைய எண்ணைத் தொலைப்பது

வேலை மாறும்போது பெரும்பாலோர் செய்யும் தவறு இது. பேட்ஜோடு ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தரப்படும். நாடு முழுவதும் உள்ள ஊழியர்களின் அளவுகள் மும்பையில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் தேசியப் பதிவேட்டில் அந்த எண்ணின்கீழ் சேர்ந்துகொண்டே போகும். புதிய மருத்துவமனையில் பழைய எண்ணைச் சொல்லாவிட்டால் புதிய எண் தருவார்கள், வாழ்நாள் கணக்கு இரண்டாக உடைந்துவிடும். இரண்டு இடத்தில் பகுதிநேரம் பார்ப்பவர்கள் ஓரிடத்தில் மட்டும் பேட்ஜ் அணிவதும் இதே கதைதான். எக்ஸ் கதிர் போன்ற அயனியாக்கும் கதிர்வீச்சால் வரும் நோய்கள் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்ட அட்டவணையில் தொழில்சார் நோய்களாக இடம்பெற்றவை. உரிமை கேட்டுப் போகிறவரிடம் முதலில் கேட்கப்படுவது பதிவேடுதான். ராஜினாமா கடிதத்தோடு அளவுப் பதிவின் நகலையும் எழுதிக் கேட்டு வாங்குங்கள். சான்றிதழ்களோடு அதையும் ஒரே கோப்பில் வையுங்கள்.

சென்ற ஆண்டு கண்ணாடியின் பவரை மாற்றப் போனேன். கண் மருத்துவர் விளக்கை அடித்து நெடுநேரம் பார்த்துவிட்டு, சர்க்கரை உண்டா, ஸ்டீராய்டு மாத்திரை எடுத்ததுண்டா என்று கேட்டார். இரண்டும் இல்லை என்றேன். இடது வில்லையின் பின்புறத்தில் சிறிய மங்கல் ஒன்று இருக்கிறது, இப்போதைக்குப் பார்வையைத் தொந்தரவு செய்யாது என்றார். கேத் லேபில் நான் நிற்கும் இடத்தில் டியூபுக்கு அருகில் இருப்பது என் இடப்பக்கம். என்ன வேலை என்று கேட்டார், சொன்னேன். "அப்படியென்றால் உங்கள் அளவுப் பதிவைக் கொண்டுவாருங்கள், பார்க்கலாம்" என்றார்.

வீட்டுக்கு வந்து கோப்பைப் பிரித்தேன். முதல் ஒன்பது ஆண்டுகளுக்கு, மூன்று மாதத்துக்கு ஒன்றாக, வரிசையாகப் பூஜ்யங்கள்.